கத்தியும் கத்தியின் சாயலும்

உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் நகரில், 2023ஆம் ஆண்டு, ஒரு நாற்சந்தியின் நடுவே ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள கத்தி ஒன்று நிறுவப்பட்டது. அந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற ‘ராம்பூரி சாக்கு’ என்னும் மடக்குக் கத்தியின் பேருருவம் அது. நவாபுகள் ஆண்ட சமஸ்தானத்தில் வளர்ந்த அக்கைவினை, பிற்காலத்தில் இந்தித் திரைப்படங்களின் முரடர்கள் கையில் ஏறிப் புகழ்பெற்றது. இன்று அதனைச் செய்யும் பட்டறைகள் அருகிவிட்டன. நீண்ட மடக்குக் கத்திகளின்மீது விழுந்த சட்டக் கட்டுப்பாடுகளும் மலிவான ஆலைக் கத்திகளும் அத்தொழிலை ஒடுக்கின. பட்டறை ஒடுங்கிய காலத்தில்தான் நாற்சந்தியில் சின்னம் எழுந்தது.

சின்னம் எழுப்பியதில் பிழையில்லை. தன் கைத்தொழிலைப் பெருமையாகக் கருதும் ஊர் அதனைக் காட்சிப்படுத்த விரும்புவது இயல்பே. ஆயினும் பொருள்சார் பண்பாட்டை ஆராய்வோர் அவ்விடத்தில் சற்று நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கத்தி என்பதற்கு இலக்கணம் எது? இணையக் கடைகளில் கழுகின் சிறகும் மண்டையோட்டுப் பிடியும் மூன்று முனைகளுமாக விற்கப்படும் ‘கற்பனைக் கத்தி’களும், வரவேற்பறைச் சுவரில் பட்டுத்துணிமீது பொருத்தப்படும் குத்துவாள்களும், அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் முகலாயக் கஞ்சர்களும், நம் வீட்டு அடுக்களையில் தேய்ந்துபோன காய்கறிக் கத்தியும் ஒரே பெயரைச் சுமக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் நம்மிடம் உள்ளதா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைக் கத்தியாக்குவது அதன் வடிவம் அன்று; அணிவேலைப்பாடு இல்லாமையும் அன்று. வெட்டப்படும் பொருளுக்கும், பிடிக்கும் கைக்கும், தீட்டும் கல்லுக்கும் அது விடை சொல்கிறதா என்பதே உரைகல். இம்மூன்றுக்கும் விடை சொல்வது எத்தனை மணிகள் பதித்திருந்தாலும் கத்தியே. கண்ணுக்கு மட்டும் விடை சொல்வது கத்தியின் சாயல்.

இந்த உரைகல்லை விளக்கச் சிறிது இரும்பியல் தேவைப்படுகிறது. கத்தியின் கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. நன்றாகத் தீட்டிய விளிம்பில் அக்கோட்டின் அகலம் ஒரு மைக்ரான் அளவுக்குச் சுருங்கும். சந்திப்புக் கோணம் குறுகினால் வெட்டு எளிதாகும். ஆனால் விளிம்பு மடங்கும் அல்லது தெறிக்கும். கோணம் விரிந்தால் விளிம்பு உறுதிபெறும். ஆனால் வெட்டு கடினமாகும். ஆகவே காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையிலான சரிவும், எலும்பு தறிக்கும் கத்திக்கு அதைவிடத் தடித்த சரிவும் வேண்டப்படுகின்றன. இரும்பின் கடினமும் இவ்வாறே. பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு கடினமாகும். கூடவே நொறுங்கும் தன்மையும் சேரும். மீண்டும் மிதமாகச் சூடேற்றி அந்நொறுங்குதன்மையைக் குறைப்பார்கள். நம் கொல்லர்கள் ‘துவைச்சல்’ என்று சொல்லும் இவ்வேலையில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது. பொதுவாக அடுக்களைக் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவையில் 55 முதல் 60 வரை அமையும். அதற்குக் கீழே போனால் கூர் நிற்காது. மிகவும் மேலே போனால் விளிம்பு உடையும், தீட்டவும் அரிதாகும்.

ஆக, ஒவ்வொரு கத்தியும் சில இழப்புகளை ஏற்றுக்கொண்டு செய்துகொண்ட உடன்பாடு. மீன் அரியும் கத்தி விறகு பிளக்கும் ஆற்றலைக் கைவிட்டிருக்கிறது. விறகு பிளக்கும் கத்தி மீன் அரியும் மென்மையைக் கைவிட்டிருக்கிறது. கற்பனைக் கத்தி எதனையும் கைவிடத் தேவையில்லை. அதற்கு எதிர்ப்பொருள் என்று ஒன்றில்லை. மூன்று முனைகளும் வைத்துக்கொள்ளலாம், அலகில் துளைகளும் இட்டுக்கொள்ளலாம், கைப்பிடியிலும் முட்கள் முளைக்கலாம். பிடிக்குள் செல்லும் அலகின் வால் ஒரு கம்பியளவே இருந்தாலும் கேள்வியில்லை. யாரும் ஓங்கி வெட்டப்போவதில்லை. அதன் குறை அழகில்லாமை அன்று. எப்பொருளின் தடையும் அதன் வடிவத்தைத் திருத்தியதில்லை என்பதே.

இனி இந்த உரைகல்லைச் சில நேர்வுகளில் உரசிப் பார்ப்போம்.

முதலாவது, பிடியே இல்லாத கத்தி. வங்காளத்தின் போன்ட்டி, மராட்டியத்தின் விளி, ஒடியாவின் பனிக்கி, நம் அரிவாள்மணை ஆகியவை ஒரே குடும்பம். அலகு மரப்பலகையில் நிலைத்து நிற்கிறது. காய்தான் கத்தியை நோக்கி நகர்கிறது. மேலை அகராதிகள் தரும் ‘கைப்பிடியும் அலகும் கொண்ட கருவி’ என்னும் வரையறைக்குள் இவை எளிதில் அடங்குவதில்லை. காலால் அழுத்திப் பிடித்து இரு கைகளையும் காய்க்குக் கொடுத்துவிடும் இந்த அமைப்பு, தரையில் அமர்ந்து சமைக்கும் உடலுக்குச் சொல்லப்பட்ட விடை. வடிவத்தை இலக்கணமாகக் கொண்டால் இவற்றை விலக்க நேரும். முப்பரிமாணக் கற்பனைப் படங்களைப் பார்த்து வார்த்த சிறகுக் கத்தியையோ சேர்த்துக்கொள்ள நேரும். வடிவ இலக்கணத்தின் போதாமைக்கு இதைவிடச் சான்று வேண்டா.

இரண்டாவது, அணியின் உச்சம். முகலாய அரசவையின் கஞ்சர்கள் பச்சைக்கல்லில் குதிரைத்தலையாகவும் ஆட்டுத்தலையாகவும் செதுக்கிய பிடிகளைக் கொண்டவை. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் இத்தகையவற்றைக் காணலாம். மாணிக்கமும் மரகதமும் பதித்த அவற்றைப் பார்த்தவுடன் ‘இது நகை, கத்தி அன்று’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் உற்று நோக்கினால், அப்பிடியின் வளைவு உள்ளங்கைக்குப் பொருந்துவதும், அலகின் நடுவே தடித்த முதுகெலும்பு ஓடி முனைக்கு வலுவூட்டுவதும், பல அலகுகள் நீரோட்டம் போன்ற வரிகளோடு கூடிய உயர்கரிம எஃகால் ஆனவை என்பதும் தெரியும். அணி அங்கே கத்தியின்மீது ஏறியிருக்கிறதேயன்றிக் கத்தியை வெளியேற்றவில்லை. அழகுக்கும் பயனுக்கும் பகை கற்பித்துப் பழகிய நாம் இதனைக் கவனிக்கத் தவறுகிறோம்.

மூன்றாவது, சடங்கு. குடகின் கொடவர்களிடம் இரு கத்திகள் புகழ்பெற்றவை. வெள்ளி வேலைப்பாட்டோடு இடைக்கச்சில் முன்புறம் செருகப்படும் பீச்சே கத்தி ஒன்று. முதுகுப்புறம் பித்தளைக் கொண்டியில் தொங்கும் அகன்ற அலகுடைய ஓடிக் கத்தி மற்றொன்று. போர்க்களம் மறைந்த பின்னும் ஓடிக் கத்தி திருமணத்தில் வாழ்கிறது. நட்டு வைத்த வாழைத்தண்டுகளை அக்கத்தியால் வெட்டி வீழ்த்துவது மணச்சடங்கின் பகுதி. இதில் என்னை ஈர்ப்பது சடங்கின் தொன்மை அன்று. சடங்கே ஒரு சோதனையாக அமைந்திருப்பதுதான். தண்டு விழ வேண்டும். மங்கிய கத்தியை உறவினர் அனைவரும் பார்த்துவிடுவர். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் விழாவில் ஆயுதங்களும் உழுகருவிகளும் ஒருங்கே வணங்கப்படுவதும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே. சடங்குப் பொருள் எல்லாம் அலங்காரப் பொருள் என்று எழுதிவிடும் மாணவர்கள் இந்த நேர்வை நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காவது, தீட்டும் கல். கூர்க்காப் படைப்பிரிவுகளின் குக்ரியைப் பலரும் அறிவர். அதன் உறைக்குள் பெரிய கத்தியோடு இரண்டு சிறு துணைகளும் உண்டு. ‘கர்தா’ சிறு வேலைகளுக்கான கத்தி. ‘சக்மக்’ கூரற்றது, பெரிய கத்தியின் விளிம்பைச் சீராக்கவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பெழுப்பவும் உதவுவது. தன் தேய்மானத்தைத் தானே ஒப்புக்கொண்டு, அதற்கான மருந்தையும் உடன் சுமக்கும் கத்தி இது. சுற்றுலாக் கடைகளில் விற்கும் குக்ரிகளிலும் அவ்விரு துணைகள் இருக்கும். பல நேரங்களில் அவை கடினப்படுத்தாத வெறும் தகட்டுத் துண்டுகள். வடிவம் முழுமையாகப் படியெடுக்கப்பட்டிருக்கிறது. காரணம் மட்டும் விடுபட்டிருக்கிறது.

ஐந்தாவது நேர்வு, கற்பனைக் கத்தி நம் காலத்துப் புதுமை என்னும் எண்ணத்தைக் கலைப்பது. கைப்பிடியை அழுத்தினால் அலகு இரண்டாகப் பிரிந்து உள்ளிருந்து மூன்றாவது அலகு வெளிப்படும் கத்தரிக் கட்டார்கள் பல தொகுப்புகளில் உள்ளன. உடலுக்குள் சென்றபின் அலகைத் திறப்பது போரில் பயன்தரும் என்று கதை சொல்லப்படுவதுண்டு. அந்த இயங்குமுறையின் மெலிவைக் கண்ட ஆயுத ஆய்வாளர்கள் பலர், இவை பார்ப்போரை, குறிப்பாக ஐரோப்பியரை, வியக்கவைக்கச் செய்தவை என்று கருதுகின்றனர். பின்புலம் விளங்கக்கூடியதே. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் இந்திய ஆயுதங்கள் காட்சிப்பொருளாயின. 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் தாங்குவதை உரிமத்துக்கு உட்படுத்தியது. 1880இல் எகர்ட்டனின் இந்திய ஆயுதக் கையேடு வெளிவந்தது. இடுப்பிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து பட்டியலுக்கும் ஆயுதம் நகர்ந்த காலம் அது. வாங்குபவர் வெட்டுபவராக இல்லாமற் போனபோது, கொல்லர் கண்ணுக்காகச் செய்யத் தொடங்கினார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர் பிழைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்னபின், என் உரைகல் தடுமாறும் இடத்தையும் சொல்வது முறை. சீக்கியரின் கிர்ப்பான் அன்றாடம் எதையும் வெட்டுவதில்லை. குருத்துவாராவில் கடா பிரசாதத்தை அதனால் தொட்டுப் புனிதப்படுத்துவர். அதனை அலங்காரம் என்று அறிவுள்ள எவரும் சொல்லார். அரசமைப்பின் 25ஆம் பிரிவு கிர்ப்பான் அணிவதையும் ஏந்துவதையும் சீக்கிய சமய ஒழுக்கத்தின் பகுதியாக ஏற்கிறது. 2022ஆம் ஆண்டு வந்த விமானப் பாதுகாப்பு ஆணை, அலகு 6 அங்குலத்தையும் மொத்த நீளம் 9 அங்குலத்தையும் தாண்டாத கிர்ப்பானை உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணியர் அணிய இசைகிறது. இங்கே கத்தி விடை சொல்வது காய்க்கோ மரத்துக்கோ அன்று. அணிந்தவர் ஏற்ற உறுதிமொழிக்கு. ஆகவே என் வரையறையைச் சற்று விரித்துக்கொள்கிறேன்: கத்தி யாருக்கேனும், எதற்கேனும் கடமைப்பட்டதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அக்கடமை வெட்டுதல். அரிதாக அது நோன்பு.

மேடைக் கத்திக்கும் இதே நியாயம் பொருந்தும். ராம்லீலாவில் ராவணன் ஏந்தும் தகரவாள் பொய் அன்று; நடிகர் காயமுறாமல் கடைசி வரிசைக்கும் மின்னுவது அதன் வேலை, அதனைச் செய்கிறது. தன்னை வாள் என்று எவரையும் நம்பவைத்துப் பணம் பெறுவதில்லை. சாயல் தவறன்று. சாயலை உண்மைப் பொருளென விற்பதும், அதைவிட நுட்பமாக, சாயலைக் காத்துவிட்டோம் என்பதால் பொருளையே காத்துவிட்டதாக எண்ணுவதும் தவறு.

இந்த மயக்கம் இன்று மிகுதியாக நிகழுமிடம் ‘டமாஸ்கஸ்’ என்னும் சொல். தெலங்கானாவின் கோனசமுத்திரம் போன்ற ஊர்களில் மண்கோவையில் உருக்கப்பட்டு மேற்காசியாவுக்குச் சென்ற ஊட்ஸ் எஃகில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரிமம் இருந்தது. அதன் அலைவரிகள் மேலே தீட்டியவை அல்ல. இரும்பினுள் கார்பைடு துகள்கள் வரிசையாக அமைந்ததன் வெளிப்பாடு. அவ்வரிசையாக்கத்துக்கு வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச்சிறு அளவில் கலந்திருந்தது காரணம் என்று வெர்ஹோவனும் அவர்தம் குழுவினரும் 1990களில் விளக்கினர். இன்று அப்பெயரால் விற்பவற்றில் நேர்மையானவை இருவகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து மடித்தவை. மலிவானவற்றிலோ வரிகள் மேற்பரப்பில் பொறித்த கோலம். முதலாவதில் வரி இரும்பின் வாக்குமூலம்; கடைசியில் வரி வெறும் சட்டை.

நம் சட்டம் இவ்வேறுபாட்டை எப்படிக் கையாள்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதை வரையறுக்கும்போது, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களை விலக்குகிறது. விளையாட்டுப் பொருளாகவன்றி வேறெதற்கும் பயன்படாதவையும் பயனுள்ள ஆயுதமாக மாற்ற இயலாதவையும் விலக்குப் பெறுகின்றன. விதிகளோ 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று அளவு சொல்கின்றன. தில்லியில் 1980ஆம் ஆண்டு வெளியான அறிவிக்கை இன்னும் நெருங்கி வந்து, ‘கராரிதார்’, ‘பட்டன்தார்’ என்று சந்தைப் பெயர்களையே எடுத்தாண்டு, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் உடைய இயந்திர மடக்குக் கத்திகளைக் கட்டுப்படுத்தியது. அளவையும் இயங்குமுறையையும் வைத்துச் சட்டம் பேசுவது தவிர்க்க இயலாதது. தெருவில் நிற்கும் காவலர் கூர்க்கோணம் அளக்க முடியாது. ஆனால் ‘எதற்காகச் செய்யப்பட்டது’, ‘எதுவாக மாற்ற இயலும்’ என்னும் இரு கேள்விகளைச் சட்டம் கேட்டுவைத்திருப்பது, அருங்காட்சியக அட்டைகளில் நான் காணும் ‘நீளம், காலம், அணிவேலை’ என்னும் மூன்று சொற்களைவிட ஆழமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நம் துறையின் பொறுப்பு வருகிறது. நாம் எழுதும் விவரணைகளில் பிடியின் கல் என்ன, அதில் என்ன பூ, உறையில் என்ன துணி என்பன ஒரு பக்கம் நிறைகின்றன. விளிம்பு எத்தகையது, ஒருபுறச் சரிவா இருபுறச் சரிவா, தீட்டித் தீட்டி அலகு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது, பிடி எந்த இடத்தில் கைபட்டு வழுவழுப்பாகியிருக்கிறது என்பன பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நாகாலாந்தின் தாவோவை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளக்கவும், ஜூம் நிலத்தில் புதர் வெட்டவும், இறைச்சி அறுக்கவும், ஒரு காலத்தில் போரிடவும் உதவிய அது, உளிபோல் ஒருபுறம் மட்டும் சரிவுடையது. மூங்கிலின் நார்வழியே ஓட அந்தச் சரிவு துணை. சாயம் தோய்த்த ஆட்டுமயிர்க் குஞ்சத்தைப் பத்து வரிகளில் வருணித்துவிட்டு அந்தச் சரிவை விட்டுவிட்டால், தாவோவைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம்?

இது வெறும் முறையியல் குறை அன்று, விளைவுடையது. மரபுரிமைக்கான நிதியும் கண்காட்சிக்கான அழைப்பும் கைவினை விருதும் நாம் எழுதும் சொற்களின் வழியே செல்கின்றன. அணியை மட்டும் எழுதினால் அணி செய்பவருக்குத்தான் வழி திறக்கும். துவைச்சல் அறிந்த கொல்லரின் திறன் கண்ணுக்குத் தெரியாதது. இருட்டிய பட்டறையில் பழுத்த இரும்பின் நிறம் மாறும் சில நொடிகளில் அடங்கியது. அதனைப் பதிவு செய்யாமல் விட்டால், அவருடைய பிள்ளைகள் சுவரில் மாட்டும் கத்திகளுக்கு மெருகேற்றும் வேலைக்குப் போவார்கள். நூறாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் நம் பதிவேடுகளைத் திறந்தால், இந்நாட்டினர் கத்தியால் எதையும் வெட்டியதாகவே அவருக்குத் தோன்றாது.

ஆகவே முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை ஒரு கத்தியை ஆவணப்படுத்தும்போது, விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அது எதை வெட்டியது என்று கேளுங்கள். யார் தீட்டினார், எந்தக் கல்லில் தீட்டினார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். செய்தவர் உயிரோடிருந்தால், இரும்பை எந்த நிறத்தில் எடுத்துத் தோய்த்தார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பூவேலையைப் பிறகு எழுதலாம். அது எங்கும் போய்விடாது. அலங்காரக் கத்திகளையும் ஆராயுங்கள், ஆனால் அவற்றைச் சாயல் என்னும் தம் பெயராலேயே அழைத்து ஆராயுங்கள்.

மாறுபடும் நண்பர்கள், குறிப்பாக அருங்காட்சியகவியலிலும் உலோகவியலிலும் உழைப்போர், தத்தம் கருத்துகளை எழுத வேண்டுகிறேன். கிர்ப்பான் பற்றிய பத்தியில் என் வாதம் முற்றுப்பெறவில்லை என்பதை அறிவேன். அங்கிருந்தே உரையாடலைத் தொடங்கலாம்.